ஷூ பெட்டியில் 214 பேஸ்பால் அட்டைகள்

மார்ச் 8

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள். நான் போனது ஒரு புத்தக அலமாரிக்காக. திரும்பி வந்தது 40 டாலர் கொடுத்து வாங்கிய ஷூ பெட்டியோடு. உள்ளே பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக. எண்ணிப் பார்த்ததில் 214.

மகளை சாஃப்ட்பால் பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில் ஆட்டம் ஓரளவு எனக்குப் பிடிபட்டிருந்தது. அட்டைகளைப் பற்றித் தெரிந்தது இன்னும் குறைவு: முதலில் சிகரெட் பெட்டியிலும், பிறகு சூயிங்கம் பொட்டலத்திலும் வைத்துக் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான். மகள் ஒரு கட்டைப் பிரித்து, நாலைந்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல வருஷமே போடலையே" என்றாள். அங்கே ஆரம்பித்தது.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அட்டைக்கும் வருடத்தை முதலில் நானே ஊகித்து, காரணத்தோடு நோட்டில் எழுத வேண்டும். அதற்கு அப்புறம்தான் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் நாளே ஒரு நஷ்டம். ரப்பர் பேண்டு இறுகி, மேலே இருந்த அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. பொறுமையில்லாமல் இழுத்ததில் ஒரு வீரரின் இடது காது ரப்பரோடு வந்துவிட்டது.

மார்ச் 15

இன்றைக்கு ஸ்கேல் மட்டும். முகத்தைப் பார்க்காமல் அளவை வைத்தே பிரித்தேன்.

இது இவ்வளவு உதவும் என்று நினைக்கவில்லை. இன்றைக்கு எல்லாரும் அறிந்த இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுக்கு டாப்ஸ் நிறுவனம் வந்தது 1957-இல்தான். 1952 முதல் 1956 வரை அதன் அட்டைகள் 2 5/8-க்கு 3 3/4 அங்குலம். அந்தக் காலத்தில் அதன் போட்டியாளர் போமன். 1948 முதல் 1950 வரை போமன் அட்டைகள் 2 1/16-க்கு 2 1/2, ஏறக்குறைய சதுரம். 1951-இல் உயரம் மட்டும் கூடியது, 1953-இல் அகலமும் சேர்ந்து கூடியது. 1956-இல் டாப்ஸ் போமனையே விலைக்கு வாங்கிவிட்டது.

என் பெட்டியில் சாதாரண அளவில் 171, பெரியவை 19, சின்னஞ்சிறு போமன் 11, எதிலும் சேராத 13. சின்ன போமன்களைப் பிரிப்பது சுலபமாக இருந்தது. 1948 கறுப்பு வெள்ளை. 1949-இல் புகைப்படத்துக்குச் சாயம் ஏற்றி, பின்னணிக்கு ஒரே நிறத்தைப் பூசியிருக்கிறார்கள். 1950 கையால் தீட்டிய ஓவியம் போலவே இருக்கிறது. எனக்குப் பிடித்தது 1950தான்.

பெரியவை 19-ஐயும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன், நட்சத்திர வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ஆம் வருடத்து அட்டை, எண் 311, இருக்குமோ என்ற நப்பாசையில். இல்லை. அந்த வருடம் விற்காமல் தேங்கிய சரக்கை 1960-இல் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸில் அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போனது எனக்கு எப்படி வரும்?

மார்ச் 23

சாதாரண அளவு 171-இல் இறங்கினேன். 1980-களின் அட்டைகளில் காப்புரிமை வரியிலேயே வருடம் இருக்கிறது, அப்படி 38 கழிந்தது. மீதிக்கு 'டி.சி.ஜி.' என்ற மூன்றெழுத்துதான். டாப்ஸ் சூயிங் கம் என்பதன் சுருக்கம்.

இங்கேதான் அட்டையின் முதுகு பேச ஆரம்பித்தது. பின்பக்கத்தில் வீரரின் ஆண்டுவாரிக் கணக்கு இருக்கும்: எத்தனை ஆட்டம், எத்தனை அடி, எத்தனை ஹோம் ரன். கடைசி வரியில் இருக்கும் வருடத்தோடு ஒன்றைக் கூட்டினால் அட்டையின் வருடம். முந்தைய பருவத்துக் கணக்கு முடிந்த பிறகே அடுத்த வருடத்து அட்டை அச்சாகும். கடைசி வரி 1963 என்றால் அட்டை 1964. ஒரே ராத்திரியில் எண்பதுக்கும் மேல் எழுதித் தள்ளினேன்.

1964 அட்டைகளின் பின்னால் ஒரு வினா உண்டு. கீழே உள்ள வெள்ளைக் கட்டத்தை நாணயத்தால் தேய்த்தால் விடை தெரியும். என்னிடம் இருந்த ஏழில் ஆறு, அறுபது வருடத்துக்கு முன்பே யாரோ ஒரு பையன் தேய்த்தவை. ஏழாவது தேய்க்காதது. தேய்க்காத அட்டைக்கு மதிப்பு அதிகம் என்று நான் படித்துக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் மகள் கால் டாலர் நாணயத்தோடு தேய்த்து முடித்திருந்தாள். விடை நன்றாகவே தெரிந்தது.

ஏப்ரல் 5

என் சூத்திரம் என்னை முதன்முதலாக மடக்கிய அட்டை இது. அணி சியாட்டில் பைலட்ஸ். சாம்பல் நிற விளிம்பு.

அணிகள் ஊர் மாறுவது வருடம் கணிக்க நல்ல தடயம் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. பாஸ்டன் பிரேவ்ஸ் 1953-இல் மில்வாக்கிக்கும், 1966-இல் அட்லான்டாவுக்கும் போனது. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் 1954-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆனது. ஹியூஸ்டன் அணிக்கு 1962 முதல் 1964 வரை கோல்ட் .45 என்று துப்பாக்கியின் பெயர், 1965 முதல் ஆஸ்ட்ரோஸ். சின்சினாட்டி ரெட்ஸ் இன்னும் வேடிக்கை. கம்யூனிசப் பயம் தலைவிரித்தாடிய 1950-களில், 'சிவப்பு' என்ற பெயரே ஆபத்தென்று சில வருடங்கள் ரெட்லெக்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அணியின் பெயரைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சியாட்டில் பைலட்ஸ் ஆடியது 1969 என்ற ஒரே ஒரு பருவம். எனவே யோசிக்காமல் நோட்டில் 1969 என்று எழுதினேன். பிறகு பின்பக்கத்தைத் திருப்பினால், கணக்கின் கடைசி வரி 1969. என் சூத்திரப்படி அட்டை 1970. ஆனால் 1970-இல் அந்த அணியே கிடையாதே?

இரண்டு நாள் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். பனி அள்ளும்போது வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி. அவரிடம் அட்டையை நீட்டினேன். வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பினார். "எழுபது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். பைலட்ஸ் அணி நொடித்துப்போய் மில்வாக்கிக்கு விற்கப்பட்டது 1970 பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னால். அணி ப்ரூவர்ஸ் ஆகிவிட்டது, அட்டையோ ஏற்கெனவே அச்சாகிவிட்டது. இல்லாத அணிக்கு ஒரு வருடம் முழுக்க அட்டை விற்றார்கள். 1974-இல் இதன் தலைகீழ் நடந்ததாம். சான் டியேகோ பேட்ரெஸ் வாஷிங்டனுக்குப் போவது உறுதி என்று நம்பி, சில அட்டைகளில் வாஷிங்டன் பெயரை அச்சிட்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் மெக்டொனால்ட்ஸ் ரே க்ராக் அணியை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார்.

ஆசிரியர் வாசலிலேயே உட்கார்ந்து பாடம் நடத்திவிட்டார். முன்பக்கத்துப் படத்தை நம்பவே கூடாது என்பது அவர் கட்சி. ஹாங்க் ஆரனுக்கு 1954, 1955, 1956 மூன்று வருடமும் ஒரே முகப் படம். 1956 அட்டையில் முகத்துக்குப் பக்கத்தில் சறுக்கி விழுகிறவர் ஆரனே இல்லை, வில்லி மேஸ். 1957-இல் படச்சுருளை இடவலமாகத் திருப்பிப்போட்டதில் வலக்கைக்காரரான ஆரன் இடக்கையால் ஆடுகிறார். 1968 வாக்கில் வீரர்களின் சங்கம் டாப்ஸ் படப்பிடிப்பைப் புறக்கணித்ததால், அந்தக் காலத்து அட்டைகளில் பழைய படங்கள், தொப்பியில்லாத தலைகள். தொப்பி இல்லாவிட்டால் எந்த அணிக்கும் பொருந்துமே!

ஏப்ரல் 19

பெரிய அளவு 19-இல் எட்டு கிடைமட்டமானவை. 1955, 1956 இரண்டுமே கிடைமட்டம், இரண்டிலுமே ஒரு பெரிய முகமும் ஓர் ஆட்டக் காட்சியும். போதாக்குறைக்கு, பின்னால் உள்ள கணக்கில் வருட எண்ணே இல்லை. 'வருடம்', 'மொத்தம்' என்று இரண்டே வரி. என் சூத்திரம் இங்கே செல்லாது.

வேறு வழியில் போனேன். 'வருடம்' வரியில் உள்ள ஹோம் ரன் எண்ணிக்கையை, அந்த வீரரின் ஆண்டுவாரிச் சாதனைப் பட்டியலில் தேடினேன். எந்தப் பருவத்தோடு பொருந்துகிறதோ, அதற்கு அடுத்தது அட்டையின் வருடம். எட்டும் சரியாக வந்தன. முடித்த பிறகுதான் தெரிந்தது, திருப்பிப் பார்த்திருந்தாலே போதும்: 1956-இன் முதுகில் மூன்று கட்டக் கேலிச்சித்திரம் உண்டு. முன்பக்கத்திலும் 1956-இல் ஆட்டக் காட்சி அட்டை முழுக்கப் பரவியிருக்கும், 1955-இல் வெற்று நிறத்தின்மேல் சின்னதாக நிற்கும். ஒரு சனிக்கிழமை போனது. போகட்டும்.

மே 4

எதிலும் சேராத 13-க்கு வந்தேன். அதில் ஒன்றை முதல் நாளே பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தனியே ஒளித்து வைத்திருந்தேன். 1 7/16-க்கு 2 5/8 அங்குலம், வெள்ளை விளிம்பு, சிவப்புப் பின்னணியில் டை காப் என்ற அந்தக் காலத்து வீரர். முதுகில் நீல மையில் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம். டி206!

இந்தப் பெயரே ஒரு கதை. சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர், கீல்வாதத்தோடு போராடிக்கொண்டே அமெரிக்காவின் அச்சு அட்டைகளை எல்லாம் வகைப்படுத்திப் பட்டியலிட்டார். 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலை என், 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலை டி, பழைய மிட்டாய் ஈ, பிற்காலச் சூயிங்கம் ஆர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வெள்ளை விளிம்பு வரிசைக்கு அவர் போட்ட எண் 206. மூன்று லட்சத்துக்கும் மேலான அட்டைகளையும் அச்சுப் படங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார். வகைப்படுத்தச் சொல்லித்தந்த மகான், பசை போட்டு அட்டைகளின் முதுகை மறைத்துவிட்டார் என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏனென்றால் டி206-இல் முதுகுதான் சரக்கு. 16 வகை சிகரெட் பெயர்கள் வருகின்றன. பீட்மான்டும் ஸ்வீட் கேப்பரலும் சாதாரணம். ஒன்றின் பெயர் 'ஹிந்து'. இந்த வரிசையில் உள்ள ஹானஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

சரி, என் காப். பத்து மடங்கு லென்ஸை வைத்துக் கீழே உள்ள பெயரைப் பார்த்தேன். அசலில் அந்த எழுத்து பழுப்பு மையில் திட்டாக, முழுசாக இருக்க வேண்டும். படத்தில் புள்ளிகள் இருக்கலாம், எழுத்திலும் படத்தைச் சுற்றிய கறுப்புக் கோட்டிலும் இருக்கக் கூடாது. என் அட்டையில் எழுத்தே கோலப்புள்ளி மாதிரி சிதறிக் கிடந்தது. அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்டால் அப்படித்தான் வரும்.

மனசு கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு யூ.வி. டார்ச் அடித்தேன். துணிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி, காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாகச் சேர்த்தார்கள். யூ.வி. ஒளியில் அது நீலமாக ஒளிரும். 1910-ஆம் வருடத்து அட்டை இருட்டாகத்தான் கிடக்க வேண்டும். காப் என் வெள்ளைப் பனியனுக்குப் போட்டியாக ஜொலித்தார்.

பின்பக்கத்தின் அடியில் ஒரு சின்ன இடம் மட்டும் சுரண்டி மெலிந்திருந்தது. 'மறுபதிப்பு' என்று நேர்மையாக அச்சிட்டிருந்த இடமாக இருக்கலாம், எவரோ நகத்தாலோ பிளேடாலோ எடுத்திருக்கிறார்.

மே 18

மீதி 12-இல் கோணல்மாணலாகக் கத்தரித்த ஒன்றை முதலில் குப்பை என்றுதான் ஒதுக்கியிருந்தேன். முதுகு வெறுமை. படம், குறிப்பு, கணக்கு எல்லாம் ஒரே பக்கத்தில். ஆசிரியர் பார்த்ததும் சிரித்தார். போஸ்ட் என்ற நிறுவனத்தின் சீரியல் டப்பாவின் பின்புறத்தில் அச்சிட்டது, காலை உணவு தீர்வதற்கு முன்பே பிள்ளைகள் டப்பாவைக் கத்தரித்துவிடுவார்களாம். 1961 முதல் 1963 வரை மூன்று வருடம் வந்தது. கணக்கின் எண்கள் 1961 பருவத்துடையவை, எனவே 1962. கோணலாக வெட்டிய அந்த விளிம்புதான் எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகவும் பிடித்த விளிம்பு.

மற்றவை வேகமாக முடிந்தன. நோட்டில் வெறுமையாக நின்றது ஒரே ஓர் எண்: 209. தபால் அட்டை அளவு, 3 3/8-க்கு 5 3/8 அங்குலம், கறுப்பு வெள்ளை, முதுகில் ஒன்றுமில்லை, கணக்கும் இல்லை. சிகாகோவின் எக்சிபிட் சப்ளை கம்பெனி, விளையாட்டுக் கூடங்களில் காசு போடும் இயந்திரத்தில் வைத்து விற்றது. வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் தொப்பியில் இருக்கிறார். 1957 பருவத்தோடு அந்த அணி புரூக்ளினை விட்டது, ஆகவே படம் எடுத்தது அதற்கு முன். அச்சிட்டது எப்போது? ஒரே படத்தை வருடக்கணக்கில் மறுபடி மறுபடி அச்சிட்டவர்கள் அவர்கள்.

ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை. இதே மாதிரி ஒன்று தன்னிடமும் இருந்தது, கோனி ஐலண்டில் இயந்திரத்தில் காசு போட்டு எடுத்தது என்றார். எந்த வருடம் என்று கேட்டேன்.

"எட்டு வயசு இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, பத்து. அப்பா கூட இருந்தார்."

209-க்கு நேராக '1947–66' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.