வெள்ளை எலிக்குப் பழுப்புக் கால்

பிளாஸ்டிக் சர்ஜரி படித்தபோது, மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த ஒருவர் என் வார்டில் இருந்தார். 2015-இல் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் கை மாற்று அறுவை சிகிச்சை நடந்ததைக் கேள்விப்பட்டு, "எனக்கும் வைப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டார். வைக்கலாம். ஆனால் வேறொருவரின் கையை உடல் எதிர்க்கும்; வைத்த கையைக் காப்பாற்ற, அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்தை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், தொற்றுகளுக்கும் வழிவிடும். அந்த மருந்தைக் குறைக்க வழி தேடும் ஆய்வில் சேர்ந்தேன்.

முதல் ஐந்து மாதம் எலியைத் தொடவே இல்லை. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும் 'படிவம் பி' எழுதினேன். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எந்த நிலைக்குப் போனால் அதன் துன்பத்தை முடித்துவைப்பது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எண்ணிக்கை அதிகம் என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். குறைத்தேன். இடையில் சிலிகான் குழாயிலும், கறிக்கடைக் கோழித் தொடையின் ரத்தக்குழாயிலும் தைத்துப் பழகினேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பழுப்பு நிற 'பிரவுன் நார்வே' எலியின் பின்னங்காலை வெள்ளை 'லூயிஸ்' எலிக்குப் பொருத்துவது. முதலில் தொடை எலும்பு: வெட்டிய ஊசித் துண்டை மஜ்ஜைக் குழிக்குள் ஆணிபோலச் செருகி இணைப்போம். பிறகு ரத்தக்குழாய்கள், நரம்பு, தசை, தோல். தமனி 1 மி.மீ.கூட வராது. அதைத் தைக்கும் '10-0' அளவு நூல் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ரோஸ்கோப் இல்லாவிட்டால் கண்ணுக்கே பிடிபடாது.

எனக்குத் தமனி சீக்கிரம் கைவந்தது. படுத்தியது சிரை. ஈர டிஷ்யூ பேப்பர்போல ஒட்டிக்கொள்ளும்; ஒரு தையல் எதிர்ச் சுவரையும் சேர்த்துப் பிடித்தால் வழி அடைந்துவிடும். ரத்தத்தை நிறுத்திவைத்த கிளாம்பை எடுத்ததும் பாதம் ரோஜா நிறமாகும், மனசு குளிரும். அரை மணி நேரத்தில் நீலம் பாரிக்கும். உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லை. முதல் நான்கு எலிகளை இப்படித்தான் இழந்தேன். மயக்கம் தெளியவிடாமலேயே அவற்றை முடித்துவைத்தோம். ஒவ்வொன்றின் சிரையையும் பிரித்து எந்தத் தையல் தவறு என்று பார்த்துக் குறித்துவைத்தேன். ஐந்தாவதில் சிரையை உப்புநீரில் மிதக்கவிட்டுத் தைத்தேன். சுவர்கள் தானாக விலகி நின்றன. பாதம் நிறம் மாறவில்லை.

அதோடு முடியவில்லை. உணர்ச்சியற்ற காலை எலி தன்னுடையது என்று அறியாமல் கடித்துவிடும். கழுத்துப்பட்டி மாட்டினோம், வேளை தவறாமல் வலி மருந்து கொடுத்தோம், இரவு இரண்டு மணிக்கும் போய்ப் பார்த்தேன்.

எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்காத எலிகளில் ஒரு வாரத்துக்குள் தோல் சிவந்து, வீங்கி, உரியத் தொடங்கியது. எலும்பையும் தசையையும்விட உடல் தோலைத்தான் முதலில் பலமாக எதிர்க்கும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அப்போதுதான். குழுவிடம் எழுதிக்கொடுத்த கட்டத்துக்கு மேல் ஒரு நாள்கூட அவற்றை வைத்திருக்கவில்லை.

எதிர்ப்பை அடக்கும் 'டாக்ரோலிமஸ்' மருந்து கொடுத்த எலிகளில் கால் நின்றது. ஆறாவது வாரம் ஐந்தாம் எலியின் பழுப்புப் பாதத்தை ஃபோர்செப்ஸால் மெல்லக் கிள்ளினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.