களனியின் கலங்கலும் கணினி மாதிரியும்: ஓர் ஆய்வு நாட்குறிப்பு

ஜூன் 3

தென்மேல் பருவமழையில் களனி கங்கை செம்மண் நிறமாக ஓடுகிறது. அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்பில் நாம் குடிப்பது இந்த ஆற்று நீரைத்தான். நீரில் தொங்கும் நுண்ணிய களித்துணிக்கைகள் எப்போது தனித்தனியே நிற்கும், எப்போது ஒட்டித் திரளும் என்பதைக் கணினியில் மாதிரியாக்குவதே எனது கலாநிதிப் பட்ட ஆய்வு. 100 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கையொன்று தன் எடையால் மட்டும் ஒரு நாளில் 1 மில்லிமீற்றர்கூட இறங்காது. ஆகவே அது அடியில் படிய வேண்டுமாயின் முதலில் திரள வேண்டும்.

ஜூன் 9

ஆய்வுகூடத்தில் ஆற்று நீருடன் கடல் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்தேன். சீரான கபில நிறமாக இருந்த நீரில் முதலில் மிக மெல்லிய துகள்கள் தென்பட்டன. பின்னர் அவை பஞ்சுபோலப் பருத்து, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அடியில் இறங்கின. 1941இல் தெர்யாகினும் லாண்டாவும், 1948இல் வெர்வேயும் ஓவர்பேக்கும் வகுத்த கோட்பாடு இதை நன்றாக விளக்குகிறது. எதிர் (−) மின்னேற்றம் கொண்ட களித்துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளும் விசை, லீற்றருக்கு 0.001 மூல் கறியுப்புள்ள நீரில் ஏறத்தாழ 10 நனோமீற்றர் தூரம் எட்டும். கடல் நீரில் அரை நனோமீற்றரைக்கூட எட்டாது. முகத்துவாரத்தில் ஆற்றுக் களி திரண்டு படிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஜூன் 17

“நீரின் வழியாகக் கடத்தப்படும் விசையை விட்டால் இன்னும் பெரிய தொகுதியை ஓட்டலாம்தானே, தம்பி?” என்று பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான், துணிக்கைகளின் எண்ணிக்கை இருமடங்கானால், நான் பயன்படுத்தும் நேரடி முறையில் கணிப்பு வேலை எண்மடங்காகிறது. ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு துணிக்கை நகரும்போது சுற்றியுள்ள நீரும் நகர்ந்து அயல் துணிக்கையை இழுக்கிறது. துணிக்கையின் நகர்வைத் தடுப்பதும் நீர், அதை எழுந்தமானமாக உந்துவதும் அதே நீர் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் காட்டிய தொடர்பு உணர்த்துகிறது. எனவே தடுப்பு விசை அயலவரின் இருப்பிடத்தைப் பொறுத்து மாறுமானால், உந்தல்களும் ஒன்றுக்கொன்று தொடர்புடையனவாகத்தான் இருக்க முடியும். எர்மாக்கும் மக்கமனும் 1978இல் தந்த வழிமுறை இதைக் கணக்கில் எடுக்கிறது. நீரை வெறும் பின்னணியாக வைத்துவிட்டுத் துணிக்கைகளை மட்டும் ஓடவிடும் மாதிரியை நான் நம்பமாட்டேன்.

ஜூன் 18

நிரலைத் திருத்தும் வேலை மட்டும்.

ஜூன் 26

நீரின் இடையீட்டைச் சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு மாதிரிகளையும் ஒரே தொடக்க நிலையிலிருந்து ஓட்டினேன். நீரின் இடையீட்டைச் சேர்த்ததில் திரளல் தெளிவாக மந்தமாகியுள்ளது. நெருங்கும் இரு துணிக்கைகளுக்கு இடையில் சிக்கிய மெல்லிய நீர்ப்படலம் வெளியேற நேரமெடுப்பதே காரணம். 1917இல் ஸ்மொலுகாவ்ஸ்கி கணித்த திரளல் வேகத்தின் ஏறத்தாழ அரைவாசியே பல பரிசோதனைகளில் அளக்கப்பட்டுள்ளது. எமது வரைபும் அந்தத் திசையிலேயே சாய்வது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. பேராசிரியரும் வரைபை நெடுநேரம் பார்த்துவிட்டு, சிறிய தொகுதியோடே தொடரச் சொன்னார்.

இனி, துணிக்கைகளைக் கோளங்களாகக் கொள்வதை விட்டுத் தட்டுகளாகக் கொள்ள வேண்டும். கயோலினைற்று என்னும் களிக் கனிமத்தின் துணிக்கை உண்மையில் தட்டையானது. அமிலத்தன்மை கூடிய நீரில் அதன் விளிம்பு நேரேற்றமும் முகம் எதிரேற்றமும் கொள்வதால், விளிம்பு முகத்தோடு ஒட்டி நீரை அடைத்துவைக்கும் தளர்வான திரள்கள் உருவாகின்றன. அந்த வடிவத்துக்கான உராய்வுக் குணகங்களை நாளை கணிக்கத் தொடங்குகிறேன்.