வெள்ளத்தில் ஊறிய கொடை டிவிடி

2023 டிசம்பரில் தாமிரபரணி திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் வந்தபோது எங்கள் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க சகதி. 2009-ல் எடுத்த சுடலைமாடன் கோயில் கொடை (திருவிழா) டிவிடியும் அதில்தான் கிடந்தது. ஆச்சி நடமாடும் ஒரே வீடியோ அது. தூரப் போட மனசு வரவில்லை.

முதல் தப்பு என்னுடையது. சேறு காய்ந்த டிஸ்க்கை வேட்டி முனையால் வட்டமாகத் தேய்த்தேன். சேற்றில் மணல் இருக்கும் என்பது உறைக்கவில்லை. டிஸ்க்கில் பதிவுத் தடமும் வட்டமாகத்தான் சுற்றுகிறது. கீறலும் அதே வாக்கில் விழுந்தால் அடுத்தடுத்த தகவல் மொத்தமாக அடிபடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டுமாம்.

அப்புறம் குழாய்த் தண்ணீரில் காட்டி, காற்றாட வைத்தேன். மேலே ஒட்டியிருந்த பேப்பர் ஸ்டிக்கர் பாதி எழும்பி, டிரைவில் போட்டாலே கடகடவென்று ஆடியது. ஊறவைத்து உரித்துவிட்டேன். சிடியாக இருந்தால் இந்தத் தைரியம் வராது. அதில் பதிவு லேபிளுக்கு நேர் கீழேயே இருக்கிறது. டிவிடியில் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டுக்கு நடுவே.

லேப்டாப்பில் காப்பி போட்டால் பாதி வழியில் உறைந்து நின்றது. ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "காப்பி போடாதிய தம்பி. கெட்ட எடத்துலயே முட்டிக்கிட்டு நிக்கும். முழுசா இமேஜா எடுங்க" என்றார். டிஸ்க் மொத்தத்தையும் அப்படியே ஒரே ஃபைலாக எடுப்பதுதான் இமேஜ்.

லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கிற டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை ஓடவிட்டேன். செக்டர் அளவு, அதாவது ஒரு தடவை படிக்கிற துண்டு, 2048 பைட் என்று கொடுக்க வேண்டும். நன்றாக இருப்பதை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டதைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். எது வந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். முதல் ராத்திரி 4.2 ஜிபியில் 310 எம்பி பாக்கி. மூன்று முறை திரும்ப ஓட்டியும் 290-க்குக் கீழே இறங்கவில்லை.

கைவிடுகிற நேரத்தில் அண்ணாச்சி கடை மூலையில் தூசி படிந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பைக் காட்டினார். அதே இமேஜ், அதே மேப் ஃபைல். டிரைவ் மட்டும் வேறு. ஒரு டிரைவுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிகிறது. சாயங்காலத்துக்குள் பாக்கி 22 எம்பி.

இமேஜை விஎல்சியில் திறந்தோம். வில்லுப்பாட்டு, குடம் அடிக்கிற கை, பந்தல் காலில் சாய்ந்து வெற்றிலை மடிக்கும் ஆச்சி. அங்கங்கே படம் கட்டம்கட்டமாக உடைகிறது. ஆச்சி மேல் ஒரு கட்டம்கூட விழவில்லை. அம்மா மூன்று தடவை அந்த இடத்தையே போடச் சொன்னாள்.

டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். தேறாத 22 எம்பியில் பெரும்பகுதி விளிம்பில், அதாவது சாமி வேட்டைக்குக் கிளம்பும் கடைசிக் காட்சியில். அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் மாமாதான் எங்கள் கோமரத்தாடி, சாமி வந்து ஆடுகிறவர்.

"நான் வேட்டைக்குக் கெளம்புனது எங்கலே?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.