ஹவானாவில் சுருட்டு: எங்கே வாங்குவது, எப்படிப் பற்றவைப்பது

பழைய ஹவானாவில் ஒபிஸ்போ தெருவில் நூறு அடி நடப்பதற்குள் யாராவது ஒருவர் தோளோடு தோளாக நடக்கத் தொடங்குவார். எந்த ஊர், எத்தனை நாள் தங்கல் என்று நலம் விசாரிப்பார். மூன்றாவது வாக்கியத்தில் சுருட்டு வந்துவிடும். "இன்றைக்குக் கூட்டுறவுச் சங்க நாள், தொழிலாளிகளே பாதி விலைக்கு விற்கலாம், இன்று ஒரு நாள்தான்." அந்த ஒரு நாள் வருடத்துக்கு 365 முறை வரும். இவர்களுக்கு ஊரில் ஹினெத்தேரோ என்று பெயர். கோபப்பட ஒன்றுமில்லை. "நோ, கிராசியாஸ்" என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் போதும்.

கதை எடுபடுவதற்குக் காரணம், அதில் கால்வாசி உண்மை இருப்பதுதான். சுருட்டு ஆலைகளில் தொழிலாளிகளுக்குச் சொந்தப் புகைக்கென்று தினமும் சில சுருட்டுகள் தருவார்கள். ஆனால் கியூபாவின் பெயர்பெற்ற சுருட்டான கோஹிபா 25, பெட்டியோடும் முத்திரையோடும் ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தால், அது ஆலைத் தரையில் கூட்டிய தூளும் பதப்படுத்தாத இலையும் சேர்த்துச் சுருட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சுலபமான அடையாளம்: கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்று ஒன்றை யாரும் தயாரிப்பதே இல்லை. தெருவில் அதிகம் காட்டப்படுவதும் அதே பெட்டிதான்.

வாங்க வேண்டிய இடம் லா காசா தெல் ஹபானோ என்ற பலகை மாட்டிய கடைகள். கியூபச் சுருட்டு முழுவதையும் உலகுக்கு விற்பது 1994இல் தொடங்கிய ஹபானோஸ் என்ற ஒரே நிறுவனம். அதன் அங்கீகாரம் பெற்ற கடைகள் இவை. மிராமாரில் ஐந்தாம் அவென்யூவும் 16ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் இருப்பது, மெர்காதேரெஸ் தெருவில் கொந்தே தெ வில்யானுவேவா விடுதிக்குள் இருப்பது, பெரிய ஹோட்டல்களுக்குள் இருப்பவை என்று நகரம் முழுக்க உண்டு. காபிதோலியோ என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் பின்புறம் உள்ள பழைய பார்த்தகாஸ் ஆலைக் கட்டடத்தைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே சுருட்டு சுற்றுவது நின்று பல வருடமாகிறது. "ஆலை இன்று மூடியிருக்கிறது, வாருங்கள், வேறு ஆலை காட்டுகிறேன்" என்று வாசலில் ஒருவர் சொன்னால், அதுவும் கூட்டுறவு நாளின் தம்பிதான். ஓடும் ஆலையைப் பார்க்க வேண்டுமானால் ஹோட்டலில் உள்ள சுற்றுலா மேசையில் டிக்கெட் வாங்க வேண்டும். வாசலில் கிடைக்காது.

அசல் கடைக்குள்ளும் எல்லாம் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். 2022 செப்டம்பரில் இயன் புயல் பினார் தெல் ரியோ மாகாணத்தைப் புரட்டிப்போட்டது. நல்ல புகையிலை விளையும் வுவெல்டா அபாஹோ அங்கேதான் இருக்கிறது. இலை உலர்த்தும் கொட்டகைகள் சரிந்தன, தட்டுப்பாடு நீண்டது. அதே வருடம் கோஹிபா, திரினிதாத் என்ற இரண்டு உயர்ரகங்களின் விலையை உலகம் முழுக்க, விலை அதிகமான ஹாங்காங்கின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டார்கள். "பிறந்த ஊரில் மலிவு" என்ற கணக்கு இந்த இரண்டு பெயருக்கும் இனி பொருந்தாது. கோஹிபா அலமாரி காலியாக இருந்தால் வருந்தாமல் பக்கத்து அலமாரியைப் பாருங்கள். பார்த்தகாஸ் டி 4, ஹோயோ தெ மொந்தெர்ரே எப்பிகூர் 2, ரமோன் அல்யோனெஸ் ஸ்பெஷலி செலக்டெட் மூன்றும் ஒரே அளவு: 124 மி.மீ. நீளம், 50 கனம். கனம் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற கணக்கு. அதாவது 50 என்றால் சுமார் 20 மி.மீ. விட்டம். எப்பிகூர் மிதம், பார்த்தகாஸ் காரம். கோஹிபாவின் பெயருக்காகக் கொடுக்கும் காசில் இவற்றில் சிலவற்றை வாங்கிவிடலாம், சுவையில் பெரிய நஷ்டமும் இல்லை.

பெட்டியாக வாங்கினால் கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே அது வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளியே பச்சை நிற உத்தரவாத முத்திரை, அதில் ஹாலோகிராமும் பார்கோடும். மூலையில் ஹபானோஸ் பட்டை. பெட்டியின் அடியில் சூடு போட்டுப் பதித்த எழுத்துகள், அவற்றோடு மையில் குத்திய ஆலைக் குறியீடும் தேதியும். ஸ்பானிஷ் மாதச் சுருக்கம் இது: 'எனே' ஜனவரி, 'ஆகோ' ஆகஸ்ட், 'திச' டிசம்பர். உள்ளே சுருட்டுகள் இடப்பக்கம் சற்றுக் கருமையிலிருந்து வலப்பக்கம் வெளுப்புவரை நிறவரிசையில் இருக்க வேண்டும், பட்டைகள் ஒரே மட்டத்தில் நேரே பார்க்க வேண்டும். பார்கோடும் முத்திரையும் போலியாக அச்சடிக்கக்கூடியவை. நிறம் பிரிக்கும் கண்ணைப் போலி செய்வது கஷ்டம். ஆகவே முத்திரையைவிட உள்ளே அடுக்கிய விதத்தை நம்புங்கள்.

தேதியைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிதாகச் சுற்றிய சுருட்டில் இலையின் நொதிப்பு முழுதாக அடங்கியிருக்காது. மூக்கருகே கொண்டுபோனால் அமோனியா நெடி அடிக்கும், இழுத்தால் தொண்டை கமறும். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட தேதி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

இனி ஈரம். போலிக்கு அடுத்து, உண்மையில் போலியைவிட அதிகமாக, ஹவானாவில் புகையைக் கெடுப்பது இதுதான். கடலோர ஊர், காற்றே நனைந்திருக்கும். போதாததற்கு மின்வெட்டில் கடையின் குளிர்சாதனமும் நின்றுபோகும். ஈரச் சுருட்டு அடைத்துக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும் எரியும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அணையும், கசக்கும். பற்றவைக்கும் முனைக்கு ஒரு அங்குலம் மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி மெதுவாக மீண்டால் சரி. பஞ்சுபோல் அமுங்கினால் ஈரம். அழுத்தும்போது கல்போல் ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுங்கள். உள்ளே இலை முறுக்கிக்கொண்டிருக்கிறது, புகை வராது.

ஈரமாக இருப்பதை அறையிலேயே சரிசெய்யலாம். பெட்டியிலிருந்து எடுத்து, ஏசி அறையில் மேசைமேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு நாள் வையுங்கள், கனமானவற்றுக்கு இரண்டு நாள். ஏசிக் காற்று நேரே படும் இடம் மட்டும் வேண்டாம். மேலிலை சட்டென்று சுருங்கி, உள்ளே பூரணம் இன்னும் உப்பியே இருப்பதால், நீளவாக்கில் வெடித்துவிடும். பூரணம் என்றுதான் சொல்வேன். கொழுக்கட்டை மாதிரி உள்ளே மூன்று வகை இலைக் கலவை, அதைச் சுற்றிக் கட்ட ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேல் பட்டுப்போல் ஒரு மேலிலை. செடியின் அடிப்பகுதி இலை நன்றாக எரியும், நடு இலை மணம் தரும், உச்சி இலை காரம். உச்சி இலை மெதுவாக எரிவதால் அதை நட்டநடுவில் வைப்பார்கள். கொஞ்சம் விலகினாலும் எரிவது கோணும்.

பற்றவைக்கும்போது திருச்சிச் சுருட்டின் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். (சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் செரூட் ஆனது; உறையூர்ச் சுருட்டு லண்டன் வரை போன காலம் ஒன்று இருந்தது.) நம் சுருட்டு இரண்டு முனையும் வெட்டியே வரும், வாயில் வைத்துப் பற்றவைத்தால் முடிந்தது. ஹவானாச் சுருட்டில் வாய்ப்பக்கம் இலைத் தொப்பி ஒட்டியிருக்கும். அதை நாம்தான் வெட்ட வேண்டும். உச்சியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், அதற்குமேல் வேண்டாம். வளைவு முடிந்து நேராகும் கோட்டுக்குக் கீழே வெட்டினால் மேலிலை முழுக்க அவிழ்ந்துகொண்டு வரும். பல்லால் கடிப்பது சினிமாவில் மட்டும் அழகு. வெட்டியதும் பற்றவைக்காமல் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கெட்டியான மோரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் இருந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் வெட்டலாம்.

பெட்ரோல் லைட்டர் கூடாது, அந்த வாடை கடைசிவரை போகாது. கேஸ் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. குச்சியானால் மருந்து எரிந்து முடியும்வரை காத்திருங்கள். சுருட்டை 45 டிகிரி சாய்த்து, சுடர் படாமல் சூடு மட்டும் படும்படி உருட்டிக்கொண்டே முனையை வாட்டுங்கள். அப்பளம் சுடுகிற பதம். விளிம்பு முழுவதும் கருத்த பிறகுதான் வாயில் வைத்து, உருட்டியபடியே நான்கைந்து இழுப்பு. முனையை ஊதிப் பார்த்தால் கங்கு வட்டம் முழுக்க ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். இருண்ட இடம் இருந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் சூடு காட்டுங்கள்.

அதன்பின் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. புகையை வாயோடு நிறுத்துங்கள், நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். அடிக்கடி இழுத்தால் கங்கு சூடேறி மிளகுக் கசப்பு வரும். இரண்டு சென்டிமீட்டர் சாம்பல் தானே விழும், தட்ட வேண்டாம். ஒரு பக்கம் பின்தங்கினால் அந்தப் பக்கத்தைக் கீழே இருக்கும்படி பிடியுங்கள், கீழ்ப்பக்கம் வேகமாக எரியும். அணைந்துவிட்டால் சாம்பலை உதிர்த்து, சுருட்டுக்குள் மெல்ல ஊதிப் பழைய புகையை வெளியே தள்ளிவிட்டு மறுபடி வாட்டிப் பற்றவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தென்றால் விட்டுவிடுங்கள், நாறும்.

காலி வயிற்றில் வேண்டவே வேண்டாம். தலை சுற்றி, உள்ளங்கை வியர்த்து, வாயில் எச்சில் ஊறினால் அது நிக்கோட்டின். உடனே நிறுத்திவிட்டு இனிப்பாக ஏதாவது குடியுங்கள். ஹவானாவிலும் நம்மூர் மாதிரியே கரும்புச்சாறு விற்கிறார்கள், குவாராப்போ என்று கேளுங்கள். உள்ளே இழுப்பதில்லை என்பதால் சுருட்டு பாதுகாப்பானது ஆகிவிடாது. வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து அப்படியே இருக்கிறது.

எங்கே உட்கார்வது? மலெகோன் கடற்சுவரில் சுருட்டோடு படம் எடுத்துக்கொள்ளலாம், புகைக்க லாயக்கில்லை. காற்று ஊதி ஊதிப் பாதி நேரத்தில் எரித்துவிடும். அதே கடலைப் பார்த்துக்கொண்டு, மரத்தடி மறைவில் ஹோட்டல் நசியோனாலின் தோட்டம் இருக்கிறது. ஒரு காபியோ ரம்மோ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரமும் உட்காரலாம். மதிய வெயிலில் கொந்தே தெ வில்யானுவேவாவின் முற்றம். நேரம் குறைவென்றால் சிறிய அளவு எடுங்கள்: 90 மி.மீ. நீளமுள்ள எச். உப்மன் ஹாஃப் கொரோனா அரை மணிக்குள் முடியும், 129 மி.மீ. மொந்தெக்ரிஸ்தோ 4 முக்கால் மணி, டி 4 ஒரு மணியை ஒட்டி. ஈரமான ஊரில் ஒல்லியானவை தொல்லை குறைவு.

பினார் தெல் ரியோவில் உள்ள வின்யாலெஸ் புகையிலைப் பண்ணைக்கு ஒரு நாள் பயணம் போகிறவர்களுக்கு: விவசாயி விளைச்சலில் 90 சதவீதத்தை அரசுக்குக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்வார். அதில் சுற்றிய பட்டையில்லாச் சுருட்டு தெருச் சரக்கு மாதிரி ஏமாற்று அல்ல, மலிவு, பச்சை வாடை கொஞ்சம் இருக்கும். ஆனால் "நடு நரம்பை உருவிவிட்டோம், நிக்கோட்டின் போய்விட்டது" என்று எல்லாப் பண்ணையிலும் சொல்வதை நம்ப வேண்டாம். நரம்பைவிட இலைப்பரப்பில்தான் நிக்கோட்டின் அதிகம். முனையில் தேன் தொட்டுத் தருவதும் கமறலை மறைக்கத்தான். நன்றாகத்தான் இருக்கும், அது வேறு.

அரசுக் கடைகளில் கார்டுதான் முக்கியம். அமெரிக்க வங்கிகளின் கார்டு வேலை செய்யாது. உங்கள் வங்கியிடம் கியூபாவில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். கியூபாவை விட்டுக் கிளம்பும்போது உதிரியாக 20 சுருட்டுவரை எந்தத் தாளும் வேண்டாம், முத்திரை உடையாத பெட்டியில் 50வரை. அதற்குமேல் கடை ரசீது கட்டாயம். இந்தியாவில் வரியில்லாமல் 25. சிங்கப்பூரில் ஒன்றுக்குக்கூடச் சலுகை கிடையாது, சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். அமெரிக்கா 2020 செப்டம்பரிலிருந்து அறவே விடுவதில்லை. மயாமி வழியாக விமானம் மாறினாலும் பிடுங்கிக்கொள்வார்கள். விசா இல்லாமல் எஸ்டா என்ற இணைய அனுமதியில் அமெரிக்கா போகிற சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ் குடிமக்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: 2021 ஜனவரி 12க்குப் பின் கியூபா போய்வந்தால் எஸ்டா செல்லாது, முறையான விசா எடுக்க வேண்டும்.

பயணத்தில் சுருட்டைக் கைப்பையில் வையுங்கள். ஜிப் பை ஒன்று, அதற்குள் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் பாக்கெட் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை உறைய வைப்பது. இலைக்குள் புகையிலை வண்டின் முட்டை இருக்கலாம். 25 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் பொரிக்கும், சென்னையிலோ மதுரையிலோ அது வருடம் முழுக்கத்தான். புழு குடைந்தால் மேலிலையில் குண்டூசித் துளைகளும் பெட்டியடியில் மாவுபோல் தூளும் தெரியும், ஒன்றிலிருந்து பெட்டி முழுக்கப் பரவும். இரட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு வெளியே. நேரே ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். பையை அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துக்கொட்டும். அதன்பின் காற்றுப்புகா டப்பாவில் அதே 65 பாக்கெட்டோடு, சமையலறைக்கும் வெயில் படும் சுவருக்கும் தள்ளி, பீரோவின் அடித்தட்டில். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து மூடினால் போதும்.