விவாதமும் வீழ்ந்த சந்தையும்

2008 செப்டம்பர் 26 அன்று நடந்த அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் ஒபாமா, மெக்கெய்ன் முதல் விவாதத்தை மறுபடி பார்த்தேன். நிதி நெருக்கடியில் சிக்கிய வங்கிகளுக்கான அரசின் மீட்புத் திட்டம் வந்தால் உங்கள் திட்டங்களில் எதைக் கைவிடுவீர்கள் என்று நெறியாளர் ஜிம் லேரர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இருவருமே நேராகப் பதில் சொல்லவில்லை. ஒபாமாவின் நிதானம் எனக்குப் பிடித்தது, ஆனால் அந்தக் கேள்விக்கு நிதானம் மட்டும் போதாது.

மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை அந்த மீட்புத் திட்ட மசோதாவைத் தோற்கடிக்க, அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் 777 புள்ளிகள் சரிந்தது. சந்தை அடிமட்டத்தைத் தொட்டது 2009 மார்ச்சில்தான். இடையில் பயந்து விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போகும் காலத்தில் கையில் காசு வேண்டுமே. பல வருடம் தொடத் தேவையில்லாத பணத்தை மாதாமாதம், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்த மலிவு விலையில் கூடுதல் யூனிட்டுகள் சேர்ந்தன.