ஆர்டிஎல் ஜன்னல்களும் ஒரு ஸ்கிப்பும்: எங்கள் ஷெட்டில் இந்த ஆண்டு

லண்டனில் ஓடிய பழைய ஆர்டிஎல் டபுள் டெக்கர் ஒன்றின் கீழ்த்தள ஜன்னல்களைக் கழற்றிச் சரிசெய்யும் வேலையை ஜனவரியில் எடுத்துக்கொண்டேன். எங்கள் மியூசியம் சின்னது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூருக்கு வெளியே, பழைய கிடங்கு ஒன்றுக்குள், சில பஸ்கள், ஒன்றிரண்டு லாரிகள். ஜன்னல் வேலையைப் பற்றி மட்டும் குறித்து வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்த ஆண்டு வேலை நின்றதும் நகர்ந்ததும் ஷெட்டில் நடந்த சண்டையைப் பொறுத்தே என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் வண்டி. 1948 முதல் 1954 வரை ஆர்டிஎல் வகையில் 1,631 பஸ்கள் செய்தார்கள். லேலண்ட் சேஸிஸ், 9.8 லிட்டர் டீசல் எஞ்சின், மேலே 30 இருக்கை, கீழே 26. லண்டனில் 1968-ல் இவை ஓய்வு பெற்றன. இந்தக் குடும்பத்து பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் போயின. திறந்த நாள் ஒன்றில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஏறி உட்கார்ந்து, வேறெதையும் பார்க்காமல் நேராக ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். கொழும்பில் பள்ளிக்கூடம் போன பஸ் இதுதானாம். கைப்பிடி சுற்றியது, கண்ணாடி இறங்கவில்லை. அந்த ஜன்னலைத்தான் முதலில் கழற்றினேன்.

கண்ணாடி பாதி வரை இறங்கும் அமைப்பு. அலுமினியச் சட்டத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும்; ஸ்க்ரூ தலை வட்டமாகத் தேய்ந்து, திருப்பினால் கழுத்தில் முறியும். முந்தின வாரமே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைப்பது, ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டுவது, இம்பாக்ட் டிரைவரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவது, அதற்கும் அசையாவிட்டால் தலையைத் துளைத்து எடுப்பது என்று வரிசையாகப் போனேன். சூடு காட்டியதில் பாதிக்கு மேல் வந்துவிட்டன. திரும்பப் பூட்டும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. அதுவும் அலுமினியத்தோடு சண்டை போடும் என்பதால், இரண்டும் நேராகத் தொடாமல் இருக்க இடையில் பசை ஒன்று. அலுமினியம் திரும்பக் கிடைப்பதில்லை, ஸ்க்ரூ கடையில் கிடைக்கும். அதனால் எப்போதும் ஸ்க்ரூவைத்தான் பலி கொடுக்கவேண்டும்.

பிப்ரவரியில் மேனேஜர் வந்தார்.

அதுவரை எங்களிடம் சம்பளக்காரர் யாரும் கிடையாது. உறுப்பினர்கள் சேர்ந்து கமிட்டி, கமிட்டிக்காரர்களே டிரஸ்டிகள், சாவி எல்லோரிடமும். கூரை ஒழுக ஆரம்பித்து வெளியே நிதி கேட்கப் போனபோது, நடத்த ஒரு முழுநேர ஆள் இருந்தால்தான் நடக்கும் என்று டிரஸ்டிகள் முடிவெடுத்தார்கள். வந்தவர் கெட்டிக்காரர். பஸ் பற்றி ஒன்றும் தெரியாது, அதை மறைக்கவும் இல்லை. வந்த வாரமே பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார். பிரேக் லைனிங் கழற்றுவதற்கும் தடை.

ஷெட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற ஃபிட்டர், எண்பதைத் தொடுகிறார். “நாற்பது வருஷமா இப்படித்தான் தேய்க்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. எங்கள் பஸ்ஸின் அடிப்பெயிண்டில் ஈயம் இருப்பதைக் கடையில் விற்கும் சோதனைக் குச்சியே சிவந்து காட்டியது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிரிட்டன் அதை முழுக்கத் தடை செய்தது 1999-ல்தான். இந்த விஷயத்தில் மேனேஜர் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்ன விதம் சரியில்லை. நோட்டீஸில் காரணம் ஒரு வரிகூட இல்லை, ‘நிர்வாகத்தின் உத்தரவு’ என்று மட்டும் இருந்தது.

காரணம் தெரிந்திருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். சம்பளக்காரர் ஒருவர்கூட இல்லாமல் தன்னார்வலர்களே நடத்தும் சங்கத்தை 1974-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக முதலாளியாகக் கருதுவதில்லை. ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் போதும், சங்கம் முதலாளி ஆகிவிடும். அதன் பிறகு அந்த ஊழியருக்கு மட்டுமல்ல, அங்கே நடக்கும் வேலையால் ஆபத்து வரக்கூடிய மற்றவர்களுக்கும், அதாவது எங்களுக்கும், சங்கம் பொறுப்பு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் காப்பீடும் கட்டாயம். நேற்று வரை நண்பர்கள் கூடும் இடம், இன்று சட்டத்தின் கண்ணில் ஒரு பணியிடம். மேனேஜரை நியமிக்க ஓட்டுப் போட்ட நாளில் யாரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. கூரைக்குப் பணம் வரும் என்று மட்டும் சொன்னார்கள்.

பெரியவருக்கு இன்னொரு வாதமும் உண்டு: வேல்ஸில் தாலிலின் ரயில்வேயைத் தன்னார்வலர்களே காப்பாற்றவில்லையா, அங்கே மேனேஜர் எங்கே இருந்தார் என்பார். 1951-ல் தன்னார்வலர்கள் எடுத்து ஓட்டிய உலகின் முதல் ரயில் பாதை அது, உண்மைதான். ஆனால் அங்கேயும் முதல் இரண்டு பருவங்களை டாம் ரோல்ட் மேனேஜராக இருந்துதான் நடத்தினார். வித்தியாசம் என்னவென்றால், அதைக் காப்பாற்றலாம் என்று கூட்டம் கூட்டியவர்களில் அவரே ஒருவர். இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டு, “அப்போ அவருக்கும் ஒரு ஸ்பேனர் கொடு” என்றார்.

சரி, ஜன்னல் வேலை எப்படிப் போனது? உலர்வாகத் தேய்ப்பதை விட்டுவிட்டு, களிம்பு மாதிரிப் பூசி மேலே தாள் ஒட்டி ஒரு நாள் விடும் பெயிண்ட் நீக்கிக்கு மாறினேன். தாளை உரித்தால் பெயிண்ட் பல அடுக்காக ஒட்டிக்கொண்டு வருகிறது, தூசியே இல்லை. மெதுவான வேலை, செலவும் கூட. அலுமினியத்தில் கறை பிடிக்கும் ரகங்களும் உண்டு, ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டே தொடரவேண்டும். மூலைகளில் மிஞ்சியதை ஈரத் தாளால் தேய்த்தேன். சொல்லப்போனால் பழைய முறையைவிட விளிம்புகள் கூர்மையாகவே வந்தன. பெரியவர் வந்து விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தக் களிம்பில் ஒரு டப்பா அவர் மேசையிலும் இருந்தது.

ஏப்ரலில் ஸ்கிப் வந்தது. ஸ்கிப் என்றால் இங்கே வாடகைக்கு எடுக்கும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி. கூரை வேலைக்கு இடம் வேண்டும், பின்சுவர் ரேக்குகளைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு. வாரநாளில், நாங்கள் யாரும் இல்லாதபோது, இரண்டு கூலியாட்கள் வந்து அள்ளிப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் ஸ்கிப்பில் டைனமோ, ஹெட்லாம்ப் வளையங்கள், எவருடையது என்று தெரியாத கியர்பாக்ஸ் மூடி. அதற்குக் கீழே, வேறு பஸ்ஸிலிருந்து கழற்றி நான் எடுத்து வைத்திருந்த ஜன்னல் வைண்டர்கள், அதாவது கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பற்சக்கர அமைப்பு. பல் முறியாத வைண்டர் இப்போது கிடைப்பதே அபூர்வம். இறங்கி எடுத்தேன்.

அன்று நடந்த கத்தலை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு பேர் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள், அதில் ஒருவர் இன்னும் திரும்பவில்லை. வண்டி ஒன்றின் சொந்தக்காரர் தன் வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். அது வெறும் மிரட்டல் அல்ல. இந்த மாதிரிச் சின்ன மியூசியங்களில் நிற்கும் வண்டிகளில் நிறைய, உறுப்பினர்களின் சொந்த வண்டிகள்தான். மியூசியம் இடம் தருகிறது, அவ்வளவே. பலதுக்கு ஒப்பந்தத் தாளே கிடையாது.

மேனேஜரிடம் தனியாகப் பேசினேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “அந்த ரேக்கில் இருந்தது மியூசியத்தின் சொத்தா, உங்கள் சொத்தா, குப்பையா? யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறீர்களா?” யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, எங்களுக்கே தெரியாது. கேட்காமல் அள்ளியது அவர் தப்பு. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது என்பது எங்கள் லட்சணம்.

மே மாதத்திலிருந்து நான் செய்து பார்த்தது இதுதான். கயிறு கட்டிய தடித்த அட்டைகள் ஒரு கட்டு வாங்கினேன். ஒவ்வொரு பாகத்திலும் ஓர் அட்டை: எந்த வண்டிக்கு, யாருடையது, யார் எப்போது வைத்தார்கள், வார்ப்பில் எண் இருந்தால் அந்த எண். பென்சிலால் எழுதவேண்டும், பேனா மை எண்ணெயில் கரைந்துவிடும். யாருடையது என்று தெரியாததற்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைச் சாமான்களின் போட்டோவை நோட்டீஸ் போர்டில் மூன்று மாதம் போடுவது, யாரும் கேட்காவிட்டால் மியூசியத்துக்கு. வேலை நடக்கும் வண்டிக்கு ஒரு தாள் தனி: என்ன வேலை, யார், என்ன ஆபத்து, எதைப் பூசக்கூடாது. மேனேஜருக்கு வேண்டிய ரிஸ்க் அசெஸ்மென்ட்டில் (வேலையின் ஆபத்துகளை எழுதிவைக்கும் மதிப்பீடு) முக்கால்வாசி அந்தத் தாளிலேயே வந்துவிட்டது. அதை அவரே சொன்ன பிறகுதான் தனிப் படிவம் கேட்பதை நிறுத்தினார்.

எல்லோரும் கட்டவில்லை. “என் சாமானுக்கு நான் எதுக்கு அட்டை கட்டணும்” என்று சிலர். அவர்கள் ரேக்கை நான் தொடவில்லை. ஆனால் பெயிண்ட் கேன்களைக் கொண்டுபோக மேனேஜர் வந்த அன்று, அட்டை இருந்த ரேக்குகளைத் தாண்டிப் போனார், இல்லாத ரேக்கின் முன் நின்று ஆளைத் தேடினார். அடுத்த சனிக்கிழமை என் கட்டிலிருந்து அட்டைகள் காணாமல் போயின, அந்த ரேக்குகளில் முளைத்தன.

இதெல்லாம் சாமான் சண்டை. ஓட்டுச் சண்டை வேறு, அது இன்னும் முடியவில்லை. எங்களுடையது நிறுவனமாகப் பதிவாகாத சங்கம். கடனோ வழக்கோ வந்தால் டிரஸ்டிகளின் சொந்தப் பணம் வரை போகலாம். அதனால் 2013-ல் இங்கே நடைமுறைக்கு வந்த, பதிவு பெற்ற அறநிறுவன வடிவத்துக்கு மாறலாம் என்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. வேல்ஸில் லாங்கோலன் ரயில்வேயை நடத்திய கம்பெனி 2021-ல் கடனில் விழுந்து, கடனுக்காகச் சொத்தைப் பொறுப்பெடுக்கும் ரிசீவர் கைக்குப் போனபோது, தனியாக இருந்த அறக்கட்டளைதான் பொறுப்பெடுத்து அதே ஆண்டு ரயிலை மறுபடி ஓட்டியது. எது எந்தப் பெயரில் இருக்கிறது என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் உறைக்கும்.

ஆனால் அந்த வடிவத்தில் இரண்டு மாதிரி உண்டு. ஒன்றில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஓட்டு. இன்னொன்றில் டிரஸ்டிகள்தான் உறுப்பினர்கள், வேறு யாருக்கும் ஓட்டு கிடையாது. எங்களுக்கு வந்த வரைவு இரண்டாவது மாதிரி. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, இணைப்பைப் படித்தால்தான் தெரியும். படித்தவர் பெரியவர். ஈயத்தைப் பற்றி அவர் பேசியது எனக்கு ஏற்பில்லை, இதில் அவர் பக்கம்தான் நான். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அறநிறுவன ஆணையத்துக்கு எழுதலாம் என்று சிலர் கிளம்பினார்கள். உள் தகராறுகளைத் தீர்ப்பது தன் வேலையல்ல, டிரஸ்டிகளே பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் ஆணையத்தின் பொதுவான நிலை. ஆகவே இருக்கும் ஒரே இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். எங்கள் விதிப்படி சொத்தை மாற்ற அங்கே ஓட்டு வேண்டும். முதல் மாதிரிக்கு மாற்றினால் ஆதரவு, இல்லாவிட்டால் எதிர்ப்பு என்று ஒரு தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மேனேஜருக்கு இதில் ஓட்டு இல்லை. தீர்மானத்தை மற்ற தாள்களோடு அவரேதான் தபாலில் அனுப்பினார்.

இப்போதைய நிலவரம்: வலப்பக்க ஜன்னல்கள் முடிந்தன, கண்ணாடி ஓடும் வழிக்குப் புது ஃபெல்ட் ஒட்டியாயிற்று, கைப்பிடியைச் சுற்றினால் இறங்குகிறது, ஏறவும் செய்கிறது. இடப்பக்கத்தில் இரண்டு சட்டங்களின் கீழ்விளிம்பு அரித்துப்போய், வெட்டி ஒட்டு வைக்கவேண்டும். அலுமினியம் வெல்டிங் தெரிந்தவர் சாவியைப் போட்டுவிட்டுப் போன அந்த ஒருவர்தான். அவர் வீட்டுக்குச் சட்டங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். வெளியே போகும் பாகத்துக்கு ஒரு ரசீதுத் தாள் வேண்டும் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.