அத்திப்பழம் வாங்கும்போது கண்ணை நம்பாதீர்கள்

உலர்ந்த அத்திப்பழத்தையே சாப்பிட்டுப் பழகியவர்கள் பிரெஷ் பழம் வாங்கப் போனால், பளபளப்பாக, விறைப்பாக, தோலில் ஒரு கோடுகூட இல்லாததாகத் தேடித் தேடி எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கடித்துப் பார்த்தால் சப்பென்று இருக்கும். ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று அதோடு விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் தப்பு பழத்தில் இல்லை, எடுத்த விதத்தில்தான்.

அத்திப்பழம் பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி காயாக வாங்கி நாலு நாள் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்ற கணக்கே இதில் எடுபடாது. வைத்திருந்தால் சதை கொஞ்சம் இளகும், அவ்வளவுதான், இனிப்பு ஏறாது. மரத்தில் இருக்கும்போது கடைசி சில நாட்களில்தான் அதற்குள் சர்க்கரை மளமளவென்று சேர்கிறது, அதற்கு முன்னாலேயே பறித்துவிட்டால் போனது போனதுதான். நன்றாகப் பழுத்ததைப் பறித்தாலோ பெட்டியில் போட்டு அனுப்புவதற்குள் நசுங்கிவிடும். அதனால்தான் கடைக்கு வருவதில் பாதி அரைப்பழமாகவே வருகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். பிளாக் மிஷன் என்ற வகை பழுத்தால் கிட்டத்தட்ட கறுப்பு, பிரவுன் டர்க்கி பழுப்பும் ஊதாவும் கலந்து இருக்கும், ஆனால் கடோட்டா நன்றாகப் பழுத்த பிறகும் மஞ்சள் கலந்த பச்சைதான், அதைக் காய் என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்கு. விரலால்தான் பார்க்க வேண்டும். பழத்தை உள்ளங்கையில் வைத்து, காம்புக்குக் கீழே கழுத்து மாதிரி குறுகும் இடத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் எப்போதும் முதலில் மெத்தென்று ஆகிவிடும், அது ஏமாற்றும். கழுத்தும் இளகியிருந்தால்தான் முழுப் பழம். காது மடலைத் தொடுவது போன்ற மென்மை இருக்க வேண்டும், விரல் பதிந்து பள்ளம் விழுந்தால் நாள் தாண்டிவிட்டது. கையில் அதன் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். காம்பை ஒட்டிய தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் நல்லது, தோலில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருந்தால் இன்னும் நல்லது. அடியில் இருக்கும் சின்னத் துளையில் தேன் மாதிரி ஒரு சொட்டு நின்றால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் மூக்கு. முகர்ந்தால் இனிப்பு வாசம் வரலாம், எதுவும் வராமலும் இருக்கலாம், இரண்டும் பரவாயில்லை. புளித்த வாடை வந்தால் மட்டும் திரும்ப வைத்துவிடுங்கள், உள்ளே நொதித்துவிட்டது. காம்பு உடைந்த இடத்தில் வெள்ளைப் பால் கசிந்தால் அது இன்னும் காய். அந்தப் பால் உதட்டிலும் நாக்கிலும் பட்டால் எரியும், சிலருக்குத் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளமே வரும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அத்திப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

உள்ளே பூச்சி இருக்குமா என்று கேட்காதவர்கள் இல்லை. பழத்தைப் பிட்டால் இழை இழையாகத் தெரிவது முழுக்கப் பூக்கள், அத்தி உள்ளுக்குள்தான் பூக்கிறது. சில வகைகளில் ஒரு சின்னக் குளவி அந்த அடித்துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழமே உண்டு, ஸ்மிர்னா வகை அப்படி. உள்ளே போன குளவி அங்கேயே இறந்துவிடும், அதன் உடலைப் பழத்தில் இருக்கும் நொதிகள் சிதைத்துவிடும் என்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று வகைகளுக்கும் குளவியே தேவையில்லை. பல்லில் நறநறவென்று கடிபடுவது விதை, பயப்பட ஒன்றுமில்லை.

வாங்கியதும் கழுவி வைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், ஒரு தட்டில் காகிதத் துண்டு விரித்து ஒரே அடுக்காக ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வைத்திருக்க ஆசைப்பட வேண்டாம். சாப்பிடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்தால் போதும், ஊறப் போட்டால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் ருசியைக் கெடுத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், ஜில்லென்று சாப்பிட்டால் பாதி இனிப்பு தெரியாது. தோலோடு சாப்பிடலாம், தடித்த தோல் பிடிக்காவிட்டால் காம்பைக் கிள்ளிவிட்டு அங்கிருந்து கீழே உரித்தால் பட்டை பட்டையாக வந்துவிடும்.

எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டால், முதல் பழத்தை எதுவும் சேர்க்காமல் கையால் பிட்டே சாப்பிடுங்கள். அப்புறம் வேண்டுமானால் மேலிருந்து முக்கால் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அடியை அழுத்தினால் நாலு இதழாக விரியும், அதில் உப்புக் கரிக்கும் சீஸ் கொஞ்சம், வால்நட் இரண்டு, மேலே மிளகுத்தூள். அத்தியில் புளிப்பு ரொம்பக் குறைவு, அதனால் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அதன் இனிப்பே எழுந்து நிற்கும். ஜாம் செய்தாலும் எலுமிச்சைச் சாறு சேர்க்காமல் செய்யாதீர்கள், ருசிக்கு மட்டுமல்ல, கெடாமல் இருக்கவும் அந்தப் புளிப்பு வேண்டும்.

பாலோடு அடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேகவைக்காத பழத்தில் ஃபைசின் என்ற நொதி இருக்கிறது, அது பாலின் புரதத்தை உடைக்கும். அடித்த உடனே குடித்தால் அருமையாக இருக்கும், வைத்துவிட்டுப் பிறகு குடித்தால் திரிந்து கசக்கத் தொடங்கும். ஜெலட்டின் போட்ட இனிப்பில் பச்சையாகச் சேர்த்தால் அது உறையவே உறையாது. பழத்தைக் கொதிக்க வைத்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை, சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

இவ்வளவு பார்த்து வாங்கியும் சப்பென்று அமைந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, துளி தேனும் ஒரு சிட்டிகை உப்பும் தூவி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் கருகிச் சாறு பாகாகிவிடும். தயிரின் மேல் போட்டுச் சாப்பிட அதுவே போதும்.